‘ஐ ஃபீல் லவ்’: அன்றைக்கு வெறும் டிஸ்கோ, இன்றைக்கு மகத்தான பாட்டு. நடுவில் என்ன நடந்தது?

கருங்கல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு மாடி அறையில் கூடி, ஒரே ஒரு பாட்டை எடுத்து முழுசாகக் கேட்டுப் பேசுவோம். அடுத்த முறை நான் கொண்டுபோக வேண்டும். டோனா சம்மர் 1977-இல் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லட்டும் மியூனிக்கில் வைத்துத் தயாரித்தது. இன்றைக்கு எலெக்ட்ரானிக் நடனப் பாட்டு என்று எதைத் தொட்டாலும் வேர் இந்தப் பாட்டில் கிடக்கிறது என்று எழுதுகிறார்கள்.

என் தாய்மாமா சிங்காரி மேளத்தில் செண்டை அடிக்கிறவர். அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “மெஷின் நல்லா ஓடுது மக்கா, ஆனா எங்கயும் போவலியே” என்றார். எனக்கு அவர் காதில் நம்பிக்கை உண்டு, அதனால் இதைச் சும்மா தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. அப்புறம் பழைய விமர்சனங்களைத் தேடிப் படித்தால், அந்தக் காலத்தில் டிஸ்கோ என்கிற நடன இசையைப் பற்றி ராக் இசைக்காரர்கள் சொன்னதும் ஏறத்தாழ இதேதான்: உயிர் இல்லை, மனுஷன் இல்லை, ஒரே இடத்தில் நிற்கிறது. அதே பாட்டை இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

கேட்க வேண்டியது இதுதான். விமர்சகர்கள் மாறினார்களா, கேட்கிற காது மாறியதா? கூட்டத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் இளையராஜா பாட்டைத் தவிர வேறெதையும் பொறுமையாகக் கேட்காதவர்கள். அவர்களிடம் “இந்த இடத்தைக் கவனியுங்கள்” என்று எதைச் சொல்லலாம்?

சவுண்ட்செட்_மார்த்தாண்டம்:

தம்பி, விமர்சகர் கதையை வேறு யாராவது சொல்வார்கள். நீ அந்தப் பாட்டை எதில் போடப் போகிறாய், அதை முதலில் சொல்லு. மாமாவுக்கு எதில் போட்டுக் காட்டினாய்? போன் ஸ்பீக்கரிலா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தப் பாட்டின் பாதி உயிர் இடது வலதில் இருக்கிறது. மூக் சிந்தசைசரில், அதாவது மின்சாரத்தால் சத்தம் உண்டாக்குகிற கருவியில், ஓடுகிற அந்த பேஸ் (கீழ்ச்சுர) வரிசைக்கு டிலே போட்டார்கள். அசல் சத்தம் ஒரு பக்கம், அதன் எதிரொலி மறுபக்கம். எதிரொலி வந்து விழுகிற நேரத்தைச் சரியாக இரண்டு சுரத்துக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு சுரம் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி விழுந்து, வாசித்ததைவிட இரட்டை வேகத்தில் ஓடுகிற மாதிரி காதுக்குக் கேட்கிறது. அந்த “டுகுடுகுடுகு” துடிப்பை யாரும் அப்படியே வாசிக்கவில்லை, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவிலுள்ள காற்றில்தான் அது உண்டாகிறது. ஹெட்போனில் ஒரு காதை மட்டும் எடுத்துப் பார், பேஸ் மெலிந்து போய்விடும். திரும்ப மாட்டு, பாட்டு எழுந்து உட்காரும். கூட்டத்தில் பேசத் தொடங்குகிறதுக்கு முன்னாலேயே இதை எல்லாரையும் செய்து பார்க்கச் சொல்லு, அரைமணி நேரப் பேச்சு மிச்சம்.

நம் பக்கத்தில் பெருநாளுக்கும் கோயில் கொடைக்கும் ரோட்டோரமாக வரிசையாகக் கட்டுகிற செட் எல்லாம் பெரும்பாலும் மோனோதான், எல்லாப் பாக்ஸிலும் ஒரே சத்தம். அது தப்பும் இல்லை, ரோட்டின் எந்த ஓரத்தில் நிற்கிறவனுக்கும் முழுப் பாட்டும் கேட்க வேண்டுமே. சில இடத்தில் அவசரத்தில் ஒரு ஜாக்கை மட்டும் மிக்ஸரில் சொருகிவிட்டுப் போவார்கள், அப்போது ஒரு பக்கத்துச் சத்தம் அப்படியே காணாமல் போகும். சினிமாப் பாட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், இதில் குடலையே உருவிவிட்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே இரண்டு பாக்ஸை நல்லா விலக்கி வை, நாற்காலிகளை நடுவில் போடு. சப் (கீழ்ச்சத்தத்துக்கான பாக்ஸ்) இருந்தால் கொண்டுவா, ஆனால் பேஸை ஏற்றாதே. ஏற்றினால் சுரத்துக்குச் சுரம் இருக்கிற இடைவெளி நிரம்பி எல்லாம் ஒரே முழக்கமாகிவிடும்.

இன்னொன்று. “மனுஷன் இல்லை” என்று சொல்கிறவர்களுக்கு: அந்தக் கிக் டிரம்மை, அதாவது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மை, அடித்தது கீத் ஃபோர்சி என்கிற ஆள். குரலைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் மூக் சிந்தசைசரிலிருந்து எடுத்தார்கள், ஹை-ஹாட் என்கிற ஜால்ராத் தட்டு மாதிரி வருகிற அந்த “ச்ச்” கூட அந்தக் கருவியின் இரைச்சல்தான். கிக்குக்கு மட்டும் வேண்டிய கனம் அதில் வரவில்லை. அதனால் ஒருவர் உட்கார்ந்து பாட்டு முழுக்கக் காலால் மிதித்திருக்கிறார், கைக்கு வேலையே இல்லாமல். மெஷினோடு நூல் பிசகாமல் அப்படி மிதிப்பது எவ்வளவு பாடு என்று உன் மாமாவிடம் கேள், அவருக்குத் தெரியும்.

தோவாளை:

நான் விமர்சனப் பக்கம் வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அன்றைக்கு யாரும் மதிக்கவில்லை” என்று மொத்தமாகச் சொன்னால் அது சரியாகாது. பிரிட்டனில் 1977 ஜூலையில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே நின்ற பாட்டு. அமெரிக்காவில் ஆறாவது இடம் வரை ஏறியது. பங்க் இசை பத்திரிகைகளை ஆக்கிரமித்திருந்த கோடைக்காலம் அது, அதற்கு நடுவில் இது முதலிடம். ஆரம்பத்தில் ஒரு மெதுவான பாட்டுக்குப் பின்பக்கமாகத்தான் இசைத்தட்டில் போட்டார்கள், ஆடுகிறவர்கள் திருப்பிப் போட்டுக் கேட்டுத்தான் இதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். டிஸ்கோவை மதித்து எழுதியவர்களும் இருந்தார்கள். வின்ஸ் அலெட்டி ‘ரெக்கார்ட் வேர்ல்ட்’ பத்திரிகையில் டிஸ்கோவுக்கென்றே ஒரு பத்தி நடத்திவந்தார். ஆனால் எது “முக்கியமான இசை” என்று முடிவு செய்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் ராக் விமர்சகர்கள். அவர்களுடைய அளவுகோல் என்ன? பாடுகிறவரே எழுத வேண்டும், கிட்டாரில் வியர்வை தெரிய வேண்டும், வரிகளில் அர்த்தம் வேண்டும், பாட்டு ஓர் இடத்தில் தொடங்கி இன்னோர் இடத்தில் முடிய வேண்டும். இந்தப் பாட்டில் வரி என்று கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறது. அந்த அளவுகோலை வைத்து அளந்தால் பூஜ்யம்தான் வரும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, கூட்டத்தில் இதைத் தவிர்க்காமல் பேசுங்கள். டிஸ்கோவை வளர்த்த நடன மன்றங்களில் (கிளப்களில்) ஆடியவர்கள் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஒருபாலீர்ப்பாளர்கள், பெண்கள். “டிஸ்கோ செத்துப்போ” என்ற கோபத்தில் இசை ரசனை மட்டும் இருந்தது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வைத்து வெடித்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. ஏற்பாடு செய்தவர் ஒரு ராக் ரேடியோ அறிவிப்பாளர். அதே சிகாகோவில், அதே சமயத்தில், ‘வேர்ஹவுஸ்’ என்ற மன்றத்தில் ஃபிராங்கி நக்கில்ஸ் ராத்திரி ராத்திரியாக இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தார். டிஸ்கோவிலிருந்து கிளைத்த ஹவுஸ் என்கிற நடன இசைக்குப் பெயரே அந்த மன்றத்திலிருந்து வந்தது என்பார்கள். ஒரு பக்கம் எரித்தார்கள், இன்னொரு பக்கம் முளைத்தது.

விமர்சகர்களுக்கு முன்னால் இதைப் புரிந்துகொண்டவர்கள் இசைக்காரர்கள். பெர்லினில் ராக் பாடகர் டேவிட் போவியும் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்த சமயம், ஈனோ இந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டேன், மன்ற இசையை இது இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மாற்றிப்போடும் என்கிற மாதிரி சொன்னார் என்று போவி பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் பேட்ரிக் கௌலி என்ற சிந்தசைசர் கலைஞர் இதை வெட்டி ஒட்டி, மேலே தன் சத்தங்களையும் சேர்த்து, பதினைந்து நிமிடத்தைத் தாண்டுகிற ஒரு வடிவம் செய்தார். முதலில் டிஜேக்கள் கைமாற்றிக்கொண்ட சரக்கு அது, பிறகுதான் முறைப்படி வெளியானது. 1982-இல் எய்ட்ஸ் நோயில் இறந்துபோனார், வயது 32. எழுதிப் பதவி வாங்காத விமர்சகர் என்றால் நான் அவரைத்தான் சொல்வேன். இந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று அந்த ஒரு வடிவம் சொன்ன அளவுக்கு எந்தப் பத்தியும் சொன்னதில்லை.

அப்புறம் மெதுவாகக் காற்று திரும்பியது. ஹவுஸ், டெக்னோ எல்லாம் வந்து, அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எழுத வந்தது. அவர்களுக்கு இது பாட்டியின் குரல் மாதிரி பழகிய சத்தம். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் 500 சிறந்த பாடல்கள் பட்டியலையே பாருங்கள். 2004-இல் நானூறுக்கும் பின்னால் எங்கேயோ கிடந்த பாட்டு, 2021-இல் வேறு ஆட்களைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்னபோது முதல் நூறுக்குள் வந்துவிட்டது. பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காத்துவைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளுக்கான தன் 2011-ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்து, 2012 மே மாதம் அறிவித்தது. அதே மாதம் டோனா சம்மர் காலமானார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது அதற்கு அடுத்த வருஷம். உயிரோடு இருக்கும்போது செய்திருக்க வேண்டிய மரியாதை அது, எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு.

கீபோர்டு_அண்ணாச்சி:

எல்லாம் நல்ல தகவல். ஆனால் அந்தத் தாய்மாமாவை யாரும் கண்டுகொள்ளாமல் போகிறீர்கள், அவர் பக்கமும் ஒரு ஆள் வேண்டும். ‘முதலில் வந்தது’ என்பதற்காக ஒரு பாட்டைக் கொண்டாடுவது எனக்குச் சம்மதம் இல்லை. முதலும் இல்லையே. ஜெர்மனியின் எலெக்ட்ரானிக் இசைக்குழு கிராஃப்ட்வெர்க் 1974-லேயே ‘ஆட்டோபான்’ கொடுத்துவிட்டார்கள்.

முதலில் யார் என்பதை மட்டும் வைத்துப் பேசினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சரண்ஜித் சிங், பம்பாய் சினிமாவில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 என்ற மூன்று மின்னணுக் கருவிகளையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். யாரும் சீந்தவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்ததும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஆசிட் ஹவுஸ் (ஹவுஸ் இசையில் ஒரு வகை) சிகாகோவில் பிறக்கிறதுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே இந்தியாவில் பிறந்துவிட்டது என்று எழுதித் தள்ளின. அந்த மனுஷன் செய்தது என்ன? தோடி, மேக மல்ஹார், யமன் எல்லாம் இந்த டப்பாவில் எப்படி நிற்கும் என்று பார்த்தார். அந்த ராக வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு, “முன்னாலேயே வந்தது” என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். இந்த வகை விமர்சனம் பாட்டைக் கேட்பதில்லை, தேதியைத்தான் கேட்கிறது.

மாமா சொன்னதற்கு வருகிறேன். செண்டை மேளம் கேட்ட காதுக்கு இந்தப் பாட்டு நிற்கிறதாகத்தான் தோன்றும். கேரளக் கோயில்களில் அடிக்கிற பஞ்சாரி மேளத்தில், சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று சாவகாசமாகத் தொடங்குவார்கள், அப்புறம் 48, 24, 12, 6 என்று சுற்று சுருங்கச் சுருங்க வேகம் ஏறி, கடைசியில் நிற்கிறவன் கை தானாக மேலே போகும். சிங்காரி மேளத்தில் அவ்வளவு கணக்கு இல்லை, ஆனாலும் ஏற்றம் உண்டு. ஏறாத தாளம் அவருக்கு முழுசாகாத தாளம். அவரிடம் போய் “நீங்கள் ராக் விமர்சகர் மாதிரி பேசுகிறீர்கள்” என்று சொல்லிவிடாதே தம்பி. அவர் கேட்பது வேறு கேள்வி.

தோவாளை:

அண்ணாச்சி, சரண்ஜித் சிங் விஷயத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மொரோடர் விஷயத்தில் மட்டும் ஒரு மறுப்பு. கிராஃப்ட்வெர்க் மெஷினை மெஷினாகவே பாட வைத்தார்கள், குரலும் உணர்ச்சி காட்டாத குரல். இங்கே மெஷினுக்கு மேலே நிற்பது பாஸ்டனில் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த ஒரு பெண். அவரால் கூரை அதிரப் பாட முடியும், பிற்காலப் பாட்டுகளில் பாடியிருக்கிறார். இதில் அந்தப் பலத்தை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தலைக்குரலில், மூச்சு மாதிரி மெல்லிசாக, ஒரு சொல்லை நாலு சொல்லின் நீளத்துக்கு இழுத்துப் பாடுகிறார். கீழே ஓடுகிறது எவ்வளவு வேகமோ மேலே குரல் அவ்வளவு நிதானம். ஓடுவது ஒன்று, மிதப்பது ஒன்று. அந்த இரண்டையும் ஒன்றாக வைத்தது இந்தப் பாட்டுதான், எனக்கு அதுதான் முக்கியம், தேதி இல்லை.

மாமாவின் கேள்விக்கும் எனக்குத் தோன்றும் பதில் இதில் இருக்கிறது. பேஸ் வரிசை நெடுநேரம் ஒரே சுரத்தைச் சுற்றி ஓடிவிட்டு, திடீரென்று அப்படியே மொத்தமாக மேலே நகர்கிறது. அவ்வளவு நேரம் நின்றதால்தான் அந்தச் சின்ன நகர்வு வயிற்றில் தெரிகிறது. வேகம் ஏறவே ஏறாது, உண்மை. இடம் மாறுகிறது. அவரைத் தாளத்தை விட்டுவிட்டு அந்த இடமாற்றத்துக்காக மட்டும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

சவுண்ட்செட்_மார்த்தாண்டம்:

நடுவில் ஒன்று சேர்க்கிறேன். அந்த மூக் சிந்தசைசர் மொரோடர் ஆட்களுடையதுகூட இல்லை, எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருடையது. அதை ஓட்டத் தெரிந்தவர் ராபி வெடல் என்ற பொறியாளர். டேப்பில் ஒரு டிராக்கில் துடிப்பைப் பதிந்து வைத்து, ஒவ்வொரு முறையும் மூக் சிந்தசைசரை அதோடு சேர்த்துக் கட்டினால் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் பிசகாமல் போடலாம் என்று காட்டியவர் அவர்தான். இன்றைக்கு லேப்டாப்பில் இது தானாக நடக்கிறது, அன்றைக்கு மொரோடருக்கே புதிது. அதோடு அந்த மூக் சூடானால் சுருதி விலகும். கொஞ்ச நேரம் பதிவு, நிறுத்து, சுருதி சேர், மறுபடி பதிவு என்றுதான் பாட்டு முழுசும் எடுத்திருக்கிறார்கள். நடுநடுவே கயிறு இழுத்துத் தோலை முறுக்குகிற செண்டைக்காரருக்கு இது புரியாமல் போகுமா? வெடல் பெயரைப் பட்டியல் போடுகிறவர்கள் சொல்வதே இல்லை, நீ சொல்லு.

கருங்கல்காரன்:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக அண்ணாச்சிக்கு. மாமாவுக்கு போனில்தான் போட்டுக் காட்டியிருந்தேன், நேற்று ராத்திரி ஹெட்போன் கொடுத்தேன். ஒரு காதை எடுத்து, திரும்ப மாட்டி, மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிக் அடித்தது ஆள் என்று சொன்னதும் பாட்டை முதலிலிருந்து போடச் சொல்லி, தன் தொடையில் கூடவே தட்டினார். “இவன் ஒரு இடத்திலயும் முந்தல, அது லேசுப்பட்ட காரியம் இல்ல” என்றார். ஆனால் பாட்டு ஏறவில்லை என்ற கட்சியை விடவில்லை. கூட்டத்துக்கு வந்து அதையே சொல்லச் சொல்லியிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம், எந்த வடிவத்தைப் போடலாம்? ரேடியோவுக்கு வெட்டியது, ஆல்பத்தில் இருப்பது, பன்னிரண்டு அங்குலத் தட்டில் வந்தது, கௌலியுடையது என்று நிறையக் கிடக்கிறது.

தோவாளை:

வெட்டியதைத் தொடவே வேண்டாம், நீளம்தான் இந்தப் பாட்டின் பொருளே. ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ ஆல்பத்தில் இருக்கிற, ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான வடிவத்தைப் போடுங்கள். அந்த ஆல்பத்தில் பழைய காலங்களின் பாணிகளில் ஒவ்வொன்றாகப் பாடிவிட்டு, கடைசிப் பாட்டாக எதிர்காலத்துக்கு என்று இதை வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் இதற்கு முந்தின பாட்டையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அப்படியே இதற்குள் வாருங்கள். 1977-இல் தட்டு வாங்கி வீட்டில் போட்டவனுக்கு எவ்வளவு பெரிய தாவலாக இருந்திருக்கும் என்று விளக்கம் சொல்லாமலே தெரியும். கௌலியுடையதைக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது போடுங்கள்.

கீபோர்டு_அண்ணாச்சி:

டீக்கு முன்னால் மாமாவைப் பேச விடு. கூட்டம் என்றைக்கு என்று சொல்லு, கொளச்சலிலிருந்து நானும் வருகிறேன்.